நான்கு நாடுகளின் தலைச்சிகரங்கள்: முதல் ஏற்றத்துக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு நாட்டின் மிக உயர்ந்த இடத்தில் ஒருமுறையேனும் நிற்க வேண்டும் என்ற ஆசை, பனிக்கோடரியைக் கையில் தொட்டுக்கூடப் பார்த்திராத பலருக்கு உண்டு. நன்றாக நடக்கக்கூடிய, ஆனால் மலையேற்றப் பயிற்சி எதுவும் பெறாத, வேலையில் பத்துப் பன்னிரண்டு நாள் விடுப்பு எடுக்க முடிந்த ஒருவர் அந்த ஆசையை நிறைவேற்றிக்கொள்ள எந்த நாட்டின் சிகரத்துக்குப் போகலாம் என்பதே இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி. மலேசியாவின் கினபாலு (4,095 மீட்டர்), ஜப்பானின் ஃபூஜி (3,776 மீட்டர்), மொராக்கோவின் தூப்கால் (4,167 மீட்டர்), தான்சானியாவின் கிளிமஞ்சாரோ (5,895 மீட்டர்) ஆகிய நான்கையும் ஒப்பிடுகிறேன். உரிய பருவத்தில் போனால் இந்த நான்கிலும் பனியாற்றைக் கடக்கவோ கயிற்றில் உடலைப் பிணைத்துக்கொண்டு ஏறவோ வேண்டியதில்லை. கால்களும் மூச்சும் பொறுமையும் போதும்.

சொந்த நாட்டின் சிகரத்தை விட்டுவிட்டு ஏன் வெளியே போக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிட வேண்டும். இந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான கஞ்சன்சங்கா 8,586 மீட்டர் உயரமுள்ளது. சிக்கிம் மக்கள் அதைத் தெய்வமாக வழிபடுவதால் இந்தியப் பக்கத்திலிருந்து ஏறுவதற்குத் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் அது நம்மைப் போன்றவர்கள் நினைக்கக்கூடிய மலை அன்று. இலங்கையின் உச்சியான பிதுருதாலகால 2,524 மீட்டர்தான் என்றாலும், ஒலிபரப்புக் கோபுரங்களும் படையினரின் காவலும் உள்ள பகுதி என்பதால் விரும்பியவர் விரும்பிய நேரத்தில் நடந்து ஏறும் இடமாக அது இல்லை. அந்நாட்டு மக்கள் ஏறுவது 2,243 மீட்டர் உயரமுள்ள சிவனொளிபாத மலையைத்தான். பூட்டானின் கங்கர் புவென்சும் (7,570 மீட்டர்) இன்றுவரை மனிதர் கால் படாமலே நிற்கிறது. 2003 முதல் அந்நாட்டில் மலைச்சிகர ஏற்றம் முழுவதுமாக நிறுத்தப்பட்டுள்ளது. ரஷ்யாவின் எல்புரூஸில் (5,642 மீட்டர்) இழுவைக் கம்பி வண்டி பாதி மலைக்கு மேல் ஏற்றிவிடும் என்பதால் அதை எளிதானது என்று சிலர் பரிந்துரைக்கிறார்கள். அதற்கு மேல் முழுவதும் பனியாறு. காலணியில் இரும்பு முள் பூட்டி நடக்கத் தெரிய வேண்டும். புயல் வந்தால் வழி மறைந்துவிடும். 2021 செப்டம்பரில் அப்படிப்பட்ட ஒரு புயலில் ஐவர் இறந்தார்கள். முதல் ஏற்றத்துக்கான பட்டியலில் அதைச் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை.

மீதமுள்ள நான்கையும் உச்சியின் உயரத்தை வைத்து வரிசைப்படுத்துவதே பொதுவழக்கம். அது தவறான அளவுகோல் என்பது என் உறுதியான கருத்து. பார்க்க வேண்டியது எந்த உயரத்தில் எத்தனை இரவு தூங்குகிறோம் என்பதை. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. 4,000 மீட்டரில் கடல்மட்ட அழுத்தத்தில் ஏறக்குறைய 60 சதவீதமும், கிளிமஞ்சாரோவின் உச்சியில் பாதியும்தான் இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளி அதே அளவுக்குக் குறைகிறது. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் நாள் கணக்கில்தான் பழகும். 3,000 மீட்டரைத் தாண்டியபின் ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பதும் உயரநோய் மருத்துவம் தரும் பொது வழிகாட்டுதல். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று தொடங்கும் உயரநோய் முற்றினால் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். இளைஞரா முதியவரா, உடற்பயிற்சி செய்பவரா என்றெல்லாம் பார்த்து அது வருவதில்லை. நாள்தோறும் ஓடிப் பழகியவர்கள் வேகமாக ஏறிவிடுவதாலேயே முதலில் படுத்துவிடுவதும் உண்டு.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு கிளிமஞ்சாரோவைப் பார்ப்போம், ஏனென்றால் நம்மவர்களில் பெரும்பாலோர் முதலில் நினைப்பது அதைத்தான். ஆப்பிரிக்கக் கண்டத்துக்கே உச்சி என்ற பெருமை அதற்கு இருக்கிறது; 1889இல் ஹான்ஸ் மேயரும் லுட்விக் புர்ட்ஷெல்லரும் முதலில் எட்டிய அந்த முகட்டுக்கு, நாடு விடுதலை பெற்றபோது சுவாகிலி மொழியில் விடுதலை என்று பொருள்படும் உகுரு என்ற பெயரைச் சூட்டினார்கள் என்பதும் மனத்தைத் தொடுகிறது. மழைக்காடு, புதர்நிலம், பாலை, பனி என்று அடுத்தடுத்து மாறும் நிலங்களை ஒரே வாரத்தில் நடந்து கடப்பது வேறெங்கும் எளிதில் கிடைக்காத அனுபவம். ஆனால் தூங்கும் உயரங்களைக் கணக்கிட்டால் படம் மாறிவிடுகிறது. மிகப் பழைய பாதையான மராங்குவில் மண்டாரா குடில் 2,720 மீட்டரிலும், ஹொரொம்போ குடில் 3,720 மீட்டரிலும், கிபோ குடில் 4,720 மீட்டரிலும் இருக்கின்றன. ஐந்து நாள் திட்டத்தில் போகிறவர் இரவுக்கு 1,000 மீட்டர் வீதம் ஏறுகிறார். மருத்துவம் சொல்வதைப் போல் இரண்டு மடங்கு. மூன்றாம் நாள் நள்ளிரவில் இன்னும் 1,175 மீட்டர் ஏறி உச்சிக்குப் போக வேண்டும்.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதன்முறை போனபோது செலவு குறையும் என்று அந்த ஐந்து நாள் திட்டத்தைத்தான் எடுத்திருந்தேன். எனக்கு அதை விற்ற முகவர் ஹொரொம்போவில் கூடுதலாக ஓர் இரவு தங்கும் வாய்ப்பு இருப்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கிபோ குடிலில் மாலை ஐந்து மணிக்குக் கொடுத்த சூப் உள்ளே இறங்கவில்லை. நள்ளிரவில் புறப்பட்டோம். நெற்றி விளக்கின் வட்டத்துக்குள் முன்னால் நடப்பவரின் குதிகால் மட்டும் தெரிகிறது. சரளைச் சரிவில் ஓரடி வைத்தால் அரையடி பின்னால் வழுக்குகிறது. 'பொலே பொலே' என்று, மெதுவாக மெதுவாக என்று, வழிகாட்டி விடாமல் சொல்லிக்கொண்டே வருகிறார். ஏறக்குறைய 5,150 மீட்டரில் ஹான்ஸ் மேயர் குகை என்ற இடத்தில் உட்கார்ந்தபோது மேலாடையின் ஜிப்பை இழுத்து மூட என் விரல்களுக்குத் தெரியவில்லை. வழிகாட்டி இன்று என்ன கிழமை என்று கேட்டார், தவறாகச் சொன்னேன். குதிகாலும் பெருவிரலும் ஒட்ட ஒரே கோட்டில் பத்தடி நடக்கச் சொன்னார். நான்காவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்தேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் என் முதுகுப்பையைத் தம் தோளில் மாட்டிக்கொண்டு என்னைக் கீழ்நோக்கித் திருப்பினார். ஹொரொம்போ வந்து சேர்ந்தபோது தலைவலி துடைத்துவிட்டதுபோல் போயிருந்தது. அந்த மனிதருக்கு நான் பட்ட கடன் பெரிது.

பிறகு எட்டு நாள் எடுக்கும் லெமோஷோ பாதையில் போய் உச்சியைத் தொட்டேன். அந்தப் பாதையின் சூட்சுமம் பர்ராங்கோ முகாமுக்குப் போகும் நாளில் இருக்கிறது. காலையில் 3,850 மீட்டரிலிருந்து புறப்பட்டு, எரிமலைக் குழம்பு இறுகி நிற்கும் கோபுரப் பாறைவரை, அதாவது 4,600 மீட்டர்வரை ஏறி, அங்கே மதிய உணவு உண்டுவிட்டு, தூங்குவதற்கு மறுபடியும் 4,000 மீட்டருக்குக் கீழே இறங்கிவிடுகிறோம். உடலுக்கு உயரத்தைக் காட்டிவிட்டுத் தாழ்வில் ஓய்வு கொடுப்பது இந்த முறை. அடுத்த இரவும் ஏறக்குறைய அதே உயரத்தில் கழிகிறது. அதன்பின் 4,670 மீட்டரிலுள்ள பராஃபு முகாமில் தலைவலியின்றி உட்கார்ந்து சோறு தின்ன முடிந்தபோதுதான், முதல்முறை நான் இழந்தது வலிமையை அன்று, மூன்று இரவுகளை என்பது விளங்கியது.

கிளிமஞ்சாரோவில் சிக்கல் என்னவென்றால், தேசியப் பூங்காவின் கட்டணங்கள் நாள் கணக்கில் வசூலிக்கப்படுகின்றன. முகாம் கட்டணம், வழிகாட்டி, சமையற்காரர், சுமைதூக்குவோர் ஆகியோரின் கூலி எல்லாம் ஒவ்வொரு நாளுக்கும் ஏறும். ஆகவே மலிவான திட்டம் என்றால் குறைந்த நாள்கள் என்றுதான் பொருள்; உச்சியை எட்டும் வாய்ப்பைத் தரும் அதே நாள்களைத்தான் அங்கே வெட்டுகிறார்கள். நாள்களை வெட்டாமலே விலை குறைந்திருந்தால், கூலி எங்கேயோ குறைக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். ஒரு சுமைதூக்குபவர் 20 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்ற வரம்பு பூங்காவில் உண்டு. வாயிலில் தராசு இருக்கிறது. நம் மூட்டைகள் அதில் நிறுக்கப்படும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது நம் கடமை என்றே நினைக்கிறேன். அங்கே எஞ்சியிருக்கும் பனியாறுகளைக் காண்பதற்காகப் போகிறவர்களுக்கு நாள் அதிகமில்லை என்பதும் உண்மை. 1912இல் இருந்த பனிப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இப்போது மறைந்துவிட்டது. இருந்தாலும் எட்டு நாள் நடையும் அதற்குரிய பணமும் கைவசம் இல்லாதவர் அதை இரண்டாவது மலையாக வைத்துக்கொள்வதே நல்லது.

கினபாலுவின் கணக்கு முற்றிலும் வேறு. போர்னியோத் தீவில், சபா மாநிலத்தில், காட்டுக்கு மேலே சாம்பல்நிறக் கருங்கல் மேடையாக எழுந்து நிற்கும் அந்த மலைக்கு 1,866 மீட்டரிலுள்ள திம்போகோன் வாயிலிலிருந்து நடக்கத் தொடங்குகிறோம். முதல் நாள் 6 கிலோமீட்டர், பெரும்பாலும் மரவேர்களும் படிகளும். 3,273 மீட்டரிலுள்ள பானலபான் குடில்களில் ஓர் இரவு. மறுநாள் அதிகாலை இரண்டரை மணி வாக்கில் புறப்பட்டு 2.7 கிலோமீட்டர் ஏறினால் மலையின் உச்சியான லோ முகடு. அன்றே அடிவாரம்வரை இறங்கிவிட வேண்டும். ஒரே நாளில் 1,400 மீட்டர் உயர்ந்து தூங்குவது மேலே சொன்ன வழிகாட்டுதலுக்கு ஒத்துவராதுதான். தலைவலி பலருக்கு வருகிறது. ஆனால் 3,000 மீட்டருக்கு மேல் கழிப்பது ஓர் இரவுதான் என்பதும், உச்சியைத் தொட்ட சில மணி நேரத்தில் மீண்டும் கனத்த காற்றுக்குள் இறங்கிவிடுகிறோம் என்பதும் ஆபத்தைப் பெரிதும் குறைக்கின்றன. முந்தைய இரவைக் கோத்தா கினபாலு நகரத்தில் கடலோரமாகக் கழிக்காமல், ஏறக்குறைய 1,560 மீட்டரிலுள்ள பூங்காத் தலைமையகத்தில் கழித்தால் உடலுக்கு இன்னும் கொஞ்சம் உதவி கிடைக்கும். இந்த ஒரு மாற்றத்தை எவருக்கும் வலியுறுத்துவேன்.

இந்த மலையில் என்னைக் கவர்ந்தது அதன் ஒழுங்கு. வழிகாட்டி இல்லாமல் ஏற முடியாது. பெயர் பொறித்த அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிவிடுகிறார்கள். 3,668 மீட்டரிலுள்ள சாயாட்-சாயாட் சாவடியில் அந்த அட்டையைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகே மேலே விடுகிறார்கள். குறித்த நேரத்துக்குள் அங்கே வந்து சேராதவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். சாவடியைத் தாண்டியதும் மரமும் மண்ணும் முடிந்து வெறும் கருங்கல் தொடங்குகிறது. அதில் பதித்திருக்கும் வெள்ளை நிற வடத்தைப் பற்றிக்கொண்டு சரிவில் ஏறுகையில், ஈரக்கல்லின் குளிர் கையுறை வழியாகவும் உள்ளங்கைக்கு வந்துவிடும். மழை பலத்தால் அந்தக் கல்மேடை அருவியாகிவிடும் என்பதால் பாதையை மூடிவிடுகிறார்கள். அப்போது பணம் திரும்பக் கிடைப்பதில்லை. கடசான் டூசுன் மக்கள் தங்கள் முன்னோரின் ஆவிகள் உறையும் இடமாக மதிக்கும் மலை அது. 2015 ஜூன் 5ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்தில் அந்தச் சரிவுகளில் 18 பேர் இறந்தார்கள், அவர்களில் வழிகாட்டிகளும் உண்டு. மேலே சிக்கிக்கொண்ட நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பாறை உருண்டுகொண்டிருந்த பாதை வழியாகக் கீழே கொண்டுவந்தவர்களும் அந்த ஊர் வழிகாட்டிகளே.

நமக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கோலாலம்பூருக்கு நேரடி விமானங்கள் உள்ளன. அங்கிருந்து இரண்டரை மணி நேரப் பறப்பில் கோத்தா கினபாலு. அதன்பின் இரண்டு மணி நேரச் சாலைப் பயணத்தில் பூங்கா. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 2023 டிசம்பர் முதல் 30 நாள்வரை விசா இல்லாமல் மலேசியாவுக்குப் போக முடிகிறது. சபாவுக்குத் தனிக் குடிவரவுக் கட்டுப்பாடு உண்டு என்பதால் உள்நாட்டு விமானம்தானே என்று கடவுச்சீட்டைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடக் கூடாது. ஒரு வார விடுப்பில் எல்லாம் முடிந்துவிடும்.

ஃபூஜியைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. அழகில் அதற்கு இணையில்லை, எரிமலைக் கூம்பின் அந்தச் சமச்சீரை வேறெங்கும் நான் கண்டதில்லை. ஆனால் அந்த அழகு தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு உரியது. ஏறுகிறவர் பார்ப்பது செந்நிறச் சரளையும் வளைந்து வளைந்து போகும் தடமும்தான். பருவம் ஜூலை தொடக்கத்திலிருந்து செப்டம்பர் 10 வாக்கில் முடிந்துவிடுகிறது. பேருந்து 2,300 மீட்டர்வரை கொண்டுபோய் விட்டுவிடும் யோஷிதா பாதையில், இறங்கிய சூட்டிலேயே இரவு முழுதும் ஏறிச் சூரியோதயத்துக்கு உச்சியை எட்ட முயல்கிறவர்கள் அதிகமாகி, களைப்பாலும் குளிராலும் உயரநோயாலும் விழுந்ததால்தான் கட்டுப்பாடுகள் வந்தன. 2025 முதல் நான்கு பாதைகளிலும் 4,000 யென் கட்டணம். குடிலில் இடம் பதிவு செய்யாதவர்களுக்குப் பிற்பகல் 2 மணி முதல் அதிகாலை 3 மணிவரை வாயில் அடைக்கப்படுகிறது. இது நல்ல மாற்றம். வழிகாட்டி கட்டாயமில்லை, வழி தவற இடமில்லை, மலையில் ஆகும் செலவும் குறைவு. வேறு வேலையாகக் கோடையில் ஜப்பான் போகிறவர் இரண்டு நாள் ஒதுக்கி, எட்டாம் நிலையத்தில் உள்ள குடிலில் ஓர் இரவு தங்கி ஏறிவிட்டு வரலாம். இதற்காக மட்டுமே விசா எடுத்து விமானம் ஏறிப் போகச் சொல்ல மாட்டேன்.

தூப்காலைப் பற்றி நம் பக்கத்தில் யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். மராக்கேஷ் நகரத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டரில், வால்நட் மரங்களுக்கு நடுவே 1,740 மீட்டரில் இருக்கும் இம்லில் என்ற சிற்றூரிலிருந்து நடை தொடங்குகிறது. மூட்டைகளைக் கோவேறு கழுதைகள் சுமக்கின்றன. வழியில் சீதி ஷம்ஹரூஷ் என்ற அடக்கத்தலம், பிறகு 3,207 மீட்டரில் கல்லால் கட்டிய குடில், மறுநாள் 960 மீட்டர் ஏற்றம். தூங்கும் உயரத்தில் கினபாலுவுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு நெகிழ்வில் இருக்கிறது: உடல் ஒத்துழைக்காவிட்டால் குடிலில் இன்னோர் இரவு தங்கிக்கொள்ளலாம், வானம் கறுத்தால் ஒரு நாள் தள்ளிப்போடலாம். கினபாலுவில் படுக்கை எண்ணிக்கைக்கு ஏற்ற அனுமதிச்சீட்டுதான் என்பதால் அந்த நாள் போனால் போனதுதான். 2018 டிசம்பரில் இம்லிலுக்கு அருகே ஸ்காண்டிநேவிய நாடுகளைச் சேர்ந்த இரு பெண்கள் கொல்லப்பட்ட பிறகு வழிகாட்டி கட்டாயமாக்கப்பட்டு, பாதையில் சோதனைச் சாவடிகளும் வந்துவிட்டன. 2023 செப்டம்பர் நிலநடுக்கம் அந்த மலைநாட்டு ஊர்களைக் கடுமையாகத் தாக்கியது. நடைப்பயணிகளின் வரவை நம்பி வாழும் அந்தக் குடும்பங்களிடம் நேரடியாகப் பணம் போய்ச் சேருவது எனக்கு ஒரு பெரிய காரணமாகவே தோன்றுகிறது. கோடையின் இறுதியும் இலையுதிர்காலத் தொடக்கமும் ஏற்ற பருவம். குளிர்காலத்திலும் வசந்தத்தின் முற்பகுதியிலும் பனி இறுகிக் கிடப்பதால் இரும்பு முள்ளும் பனிக்கோடரியும் தேவைப்படும். அப்போது இந்த ஒப்பீட்டிலிருந்தே அதை நீக்கிவிட வேண்டும்.

என் தேர்வு இதுதான்: முதல் ஏற்றத்துக்குக் கினபாலு, விடுப்பு ஒரு வாரத்துக்கு மேல் இருந்து பயணச் செலவு தடையாக இல்லாவிட்டால் தூப்கால், இவற்றில் ஒன்றில் தம் உடல் 4,000 மீட்டரில் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு, எட்டு நாள் பாதையில் கிளிமஞ்சாரோ. அந்த ஒரு தகவல், அதாவது நமக்கு எங்கே தலைவலி தொடங்குகிறது, எங்கே பசி போகிறது என்ற தகவல், வேறெந்தப் பயிற்சியாலும் கிடைப்பதில்லை. டயமாக்ஸ் என்ற மாத்திரையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது உடல் பழகுவதை விரைவுபடுத்துகிறது என்பது உண்மை. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதால், புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். தலைவலியோடு மேலே ஏறுவதற்கு அது அனுமதிச்சீட்டு ஆகாது.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் என் வரிசை மாறும். கினபாலுவின் இரண்டாம் நாளில் 822 மீட்டர் ஏறிய பிறகு 2,229 மீட்டர் இறங்க வேண்டும், அதில் பெரும்பகுதி முழங்கால் உயரப் படிகள். என்னோடு வந்தவர்களில் இருவர் கடைசி இரண்டு கிலோமீட்டரைப் பின்பக்கமாகத் திரும்பிப் படியிறங்கித்தான் முடித்தார்கள். தூப்காலில் அன்றிரவும் குடிலிலேயே தங்கி இறக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். மற்றவர்கள் பயிற்சிக்கு வெள்ளியங்கிரியையோ பருவதமலையையோ பயன்படுத்திக்கொள்ளலாம். ஏறும் நேரத்தைக் காட்டிலும் இறங்கும் நேரத்தைக் கவனித்து, மறுநாள் காலையில் வீட்டு மாடிப்படியில் தடுமாறாமல் இறங்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிகிறது என்றால் பானலபானில் படுக்கைக்குப் பதிவு செய்யலாம். இடம் விரைவில் நிறைந்துவிடும் என்பதால் நாள் குறிப்பதற்கும் விமானச்சீட்டு வாங்குவதற்கும் முன்பாகவே, பல மாதம் முந்தி அதைச் செய்துவிட வேண்டும்.